முதல் வேலைக்குப் போகும் மலையகப் பிள்ளைகள் என் கடையில் கேட்கும் கேள்விகள்

ஹட்டன் டவுனில் போட்டோ கொப்பி, டைப்பிங், ரீலோட் என்று ஒரு சின்ன கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். அதற்கு முன் கொழும்பில் ஒரு கம்பனியில் பதினோரு வருடம். கடைசி நான்கு வருடம் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். அதனால் நேர்முகப் பரீட்சை மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு சுயவிபரக் கோவை அடிக்க வருகிறவர்கள், பிரின்ட் வரும்வரை நின்றுகொண்டு கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலை விளம்பரம் எங்கே பார்ப்பது?

அரசாங்க வேலை என்றால் வர்த்தமானி. வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மொழியிலும் வருகிறது, இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். தனியார் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள், டொப்ஜொப்ஸ், இக்மன், லிங்க்ட்இன் போன்ற இணையத்தளங்கள். பேஸ்புக்கிலும் வரும், ஆனால் அங்கே நல்லதோடு கள்ளமும் சேர்ந்து வரும்.

நம் பக்கம் நிறைய வேலைகள் விளம்பரமாகவே வருவதில்லை. லீசிங் கம்பனிக் கிளை, பாமசி, ஹார்ட்வெயார், நுவரெலியா, எல்ல பக்கத்து ஹோட்டல்கள் எல்லாம் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டுவதோடு சரி. டவுனுக்கு வரும்போது கதவுகளையும் பார்த்துக்கொண்டு நடங்கள்.

கையில் என்னென்ன ஆவணம் இருக்க வேண்டும்?

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ். என்விகியூ (தேசிய தொழில் தகைமை) முடித்திருந்தால் அதுவும். சில இடங்களில் கிராம உத்தியோகத்தர் தரும் கடிதத்தில் பிரதேச செயலாளரின் கையொப்பமும் கேட்பார்கள். அதற்கு ஒரு நாள் போய்விடும்.

பட்டியல் பெரிய விசயம் இல்லை. இந்தத் தாள்களில் உள்ள பெயர்கள் எல்லாம் ஒரே பெயர்தானா என்பதுதான் விசயம். போன வருடம் ஒரு தங்கச்சி வந்தார். பெயர் செல்வராணி. பெறுபேற்றுச் சான்றிதழின் ஆங்கில எழுத்தில் நடுவில் 'வி'. அடையாள அட்டையில் அதே இடத்தில் 'டபிள்யூ'. பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது, அதில் 'ராணி' என்பதே 'ரானி'யாகிவிட்டது. தகப்பன் பெயர் ஒன்றில் ராமையா, இன்னொன்றில் ராமய்யா. நமக்கு இது ஒரே ஆள். கோப்பைச் சரிபார்க்கிற கிளாக்கருக்கு இது மூன்று ஆள். நம் பாட்டன் காலத்திலிருந்தே நம் பெயர்களைக் காதால் கேட்டு இன்னொரு மொழியில் எழுதிய உத்தியோகத்தர்கள் செய்த வேலை இது. பழியை அவர்கள்மேல் போடலாம்தான், ஆனால் நியமனம் நிற்பது உங்களுக்கு.

எழுத்து மட்டும் வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசி எழுதி சமாதான நீதவான் முன் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தனியார் கம்பனிகளுக்கு அது போதும். அரசாங்க வேலை மனதில் இருந்தால், அல்லது பெயரே மாறிக் கிடந்தால், பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பியுங்கள். பிறகு அதை வைத்து கிராம உத்தியோகத்தர் மூலம் அடையாள அட்டையைத் திருத்துங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் அந்த மாதங்களில் சும்மா இருக்காமல் இதை முடித்துவிடுங்கள். வேலை கிடைத்த பிறகு தொடங்கினால் கதை கந்தல்.

மண்சரிவில் சான்றிதழ்கள் எல்லாம் போய்விட்டன. இனி என்ன செய்வது?

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் அதிகம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களுக்குப் பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். சுட்டெண்ணும் வருடமும் தெரிந்தால் வேலை சுலபம். மறந்திருந்தால் படித்த பாடசாலையில் கேளுங்கள். அடையாள அட்டைக்கு முதலில் பொலிஸில் முறைப்பாடு போட்டு அந்தத் துண்டை வாங்கி, கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். பிறப்புச் சான்றிதழை முதலில் எடுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

புதிதாக வாங்கியதும் போனில் ஒரு படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். தாள் போனாலும் எண் மிஞ்சும்.

விலாசம் என்ன எழுதுவது? லயத்துக்குத் தபால் ஒழுங்காக வருவதில்லையே.

இந்தக் கேள்வி மட்டும் வெளியூரில் யாருக்கும் வராது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் நமக்கு வீட்டு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, தபாலகம், அவ்வளவுதான். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது வரும். அல்லது வராது. எனக்கே ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்து ஒன்பதாம் நாள் கையில் கிடைத்தது. ஒரு மூட்டைக் கட்டில் செருகிக் கிடந்ததாம். அந்த வேலை யாருக்குப் போனதோ.

டவுனில் உறவினரோ, தெரிந்த கடையோ இருந்தால் அவர்களைக் கேட்டு, அவர்கள் விலாசத்தைத் 'தபால் பெறும் விலாசம்' என்று போடுங்கள். நிரந்தர விலாசம் தோட்ட விலாசமாகவே இருக்கட்டும். அதை மாற்றினால் கிராம உத்தியோகத்தர் சான்றிதழோடு ஒத்துவராது. இரண்டு போன் இலக்கம் கொடுங்கள், ஒன்று உங்களுடையது, மற்றது எப்போதும் சிக்னல் உள்ள இடத்தில் இருப்பவருடையது. அந்த இரண்டாமவரிடம் விசயத்தைச் சொல்லியும் வையுங்கள். நான் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளையின் இரண்டாவது இலக்கத்துக்கு அழைத்தபோது, மாமா ஒருவர் "அப்படி யாரும் இங்க இல்லை" என்று வைத்துவிட்டார். பொம்பிளைப் பிள்ளையை யாரோ தேடுகிறார்கள் என்று அவருக்குப் பயம்.

மின்னஞ்சலை ஒவ்வொரு நாளும் பாருங்கள். லயத்தில் சிக்னல் இல்லாவிட்டால் கோயில் மேட்டுக்கு ஏறியாவது பாருங்கள்.

சுயவிபரக் கோவை எத்தனை பக்கம்?

முதல் வேலைக்கு ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. கடையில் ஆறு பக்கம் அடிக்கச் சொல்லி வருகிறார்கள். எனக்குப் பக்கத்துக்குக் காசு, நான் மறுக்கக் கூடாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: மூன்றாம் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. முன்பள்ளியில் ஓட்டப்போட்டியில் வாங்கிய சான்றிதழ் வேண்டாம். கடைசியில் உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயர், தொழில், போன் இலக்கம் கேட்பார்கள். படிப்பித்த டீச்சர், அதிபர், பயிற்சி நிலையப் போதனாசிரியர் என்று போடுங்கள். அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் போடுங்கள். அரசியல்வாதியின் பெயரைப் போட்டால் பலம் என்று நினைக்கிறார்கள். தனியார் கம்பனியில் அது பெரும்பாலும் எதிராகத்தான் வேலை செய்யும்.

நண்பனின் கோவையை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரே நாளில் ஒரே தோட்டத்திலிருந்து ஐந்து பேருக்கு 'கிரிக்கெட், புத்தகம் வாசித்தல்' பொழுதுபோக்காக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருவரிடம் கடைசியாக வாசித்த புத்தகம் எது என்று கேட்டோம். பாவம்.

அனுபவம் என்ற இடத்தில் எழுத ஒன்றுமே இல்லையே?

இருக்கும். நீங்கள் அதை வேலை என்று நினைத்திருக்க மாட்டீர்கள். ஒரு தம்பி இப்படித்தான் 'இல்லை' என்று அடிக்கச் சொன்னார். பேச்சுக் கொடுத்தேன். மூன்று வருடமாகக் கோயில் கமிட்டியில் திருவிழாக் கணக்கு எழுதுகிறவர். வீட்டுக்கு வீடு வசூல், பற்றுச்சீட்டு, சாமான் செலவு, மிச்சம், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. தோட்டத்துச் சனத்துக்கு முன் கணக்கு வாசித்துத் தப்புவது இலேசான காரியமா? அதை எழுதினோம்: 'கோயில் நிர்வாக சபையில் மூன்று வருடம் வரவு செலவுக் கணக்குப் பொறுப்பு.' லீசிங் கம்பனி நேர்முகத்தில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் கேட்டார்களாம். வேலை கிடைத்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, லீவில் கடையில் நின்றது, விளையாட்டுக் கழகத்தில் செயலாளராக இருந்தது எல்லாம் எழுதலாம். செய்யாததை மட்டும் எழுத வேண்டாம்.

உயர்தரம் சரிவரவில்லை. என்விகியூ சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறதா?

இருக்கிறது. என்விகியூ ஒன்றிலிருந்து ஏழு வரை மட்டங்கள். இரண்டிலிருந்து நான்கு வரை கைத்தொழில் தேர்ச்சி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். மின் வேலை, வாகனத் திருத்தம், ஹோட்டல் சமையல் போன்றவற்றில் நான்காம் மட்டம் உள்ள பிள்ளையை, மூன்று சாதாரணச் சித்தி உள்ள பிள்ளைக்கு முன் எடுப்பார்கள். ஹோட்டலுக்குப் போகிறீர்கள் என்றால் அடிப்படைச் சம்பளத்தோடு, சேவைக் கட்டணப் பங்கு எப்படிப் பிரிக்கப்படுகிறது என்றும் கேளுங்கள். சீசன் மாதத்துத் தொகையைச் சொல்லி மழை மாதத்துத் தொகையை மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சிங்களமும் ஆங்கிலமும் சரியாக வராது. நேர்முகத்தில் என்ன செய்வது?

உள்ளதை உள்ளபடி பிரித்துச் சொல்லுங்கள். 'சிங்களம் நன்றாகப் பேசுவேன், கொஞ்சம் வாசிப்பேன், எழுத வராது.' இப்படிச் சொன்னால் நம்புவார்கள். மூன்று மொழிக்கும் 'மிக நன்று' என்று போட்டுவிட்டு முதல் கேள்விக்கே முழிப்பதுதான் ஆபத்து.

தமிழ் உங்களுக்கு ஒரு பலம், அதை இனாமாக விட்டுவிடாதீர்கள். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, மாத்தளைக் கிளைகளில் வாடிக்கையாளர் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்றால், கம்பனிக்குத் தமிழ் தெரிந்த ஆள் கட்டாயம் தேவை. அதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் ஓடவில்லை என்றால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். கேள்வி விளங்காவிட்டால் இன்னொரு தடவை கேட்கச் சொல்லலாம். அதற்குப் புள்ளி குறைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தோட்டம் என்று சொன்னால் குறைவாக நினைப்பார்களா?

சிலர் நினைப்பார்கள். பொய் சொல்லி என்ன? நான் முதன்முதல் போன நேர்முகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நீங்கள் எல்லாம் தீபாவளிக்குப் போனால் திரும்பி வருவதில்லையே?" முகம் சூடாகிவிட்டது. ஏதோ முணுமுணுத்தேன். வேலை கிடைக்கவில்லை.

பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் போனபோதுதான், அந்தக் கேள்விக்குள் நக்கலோடு ஒரு பயமும் இருப்பது புரிந்தது. கொழும்புக்கு வந்த பிள்ளை, போர்டிங் சரிவராமல், சாப்பாடு பிடிக்காமல் மூன்றாம் வாரம் வீட்டுக்குப் போய்விடுமோ என்ற பயம். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் நக்கல் தானாக அடங்கும். 'வத்தளையில் சித்தி வீட்டில் தங்க ஏற்பாடு செய்துவிட்டேன், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போவேன்' என்று நேராகச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று தயங்காமல் சொல்லுங்கள். அம்மா கொழுந்து எடுக்கிறார் என்றால் அதையும். மறைத்துவிட்டு உட்கார்ந்தால் நேர்முகம் முழுக்க அதை மறைப்பதிலேயே கவனம் போய்விடும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எங்கிருந்து தொடங்குவது?

பிறந்த திகதியிலிருந்து வேண்டாம், அது தாளில் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் படித்தது, செய்தது, ஏன் இந்த வேலை, அவ்வளவுதான். உதாரணமாக: 'நான் கொட்டகலைப் பக்கம். வணிகப் பிரிவில் உயர்தரம் முடித்தேன், கணக்கீட்டில் பி. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக் கணக்கை ஒரு வருடம் பார்த்தேன். கையில் எழுதிய கணக்கைக் கணினியில் போடப் பழகி இருக்கிறேன். உங்கள் விளம்பரத்தில் அதைத்தான் கேட்டிருந்தீர்கள்.' கடைசி வாக்கியத்துக்காகவே விளம்பரத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு முன் ஒத்திகை பார்ப்பதைவிட, தம்பி தங்கச்சியை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள். அவர்கள் சிரிக்கும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

கொழும்பில் காலை ஒன்பது மணிக்கு நேர்முகம். எப்போது கிளம்புவது?

முதல் நாள். ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாக ஐந்து மணித்தியாலம் என்று வைத்தாலும், கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தாலோ பனிமூட்டம் இறங்கினாலோ அந்தக் கணக்கு செல்லாது. தங்க இடம் இல்லாவிட்டால் இரவு பஸ். விடியப் போய் இறங்கி, முகம் கழுவி, உடுப்பு மாற்ற எங்கே இடம் என்று முன்பே விசாரித்து வையுங்கள்.

சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்போடு றோட்டுக்கு இறங்குங்கள். மழை நாளில் லயத்திலிருந்து மெயின் றோட்டுக்கு வருவதற்குள் சப்பாத்து என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கோப்பைப் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். மூலச் சான்றிதழ்கள், இரண்டு செட் பிரதி, ஒரு பேனா.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால்?

'நீங்கள் தருவதைத் தாருங்கள்' என்று மட்டும் சொல்ல வேண்டாம். சட்டப்படி தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. அதற்குக் கீழே யாரும் பேச முடியாது. அதற்கு மேல் எவ்வளவு என்பதற்கு, வீட்டில் ஒரு தாள் எடுத்துக் கணக்குப் போடுங்கள்: போர்டிங், மூன்று வேளைச் சாப்பாடு, பஸ், ரீலோட், வீட்டுக்கு அனுப்புவது. கொழும்பில் கூடுதலாகத் தரும் தொகையைக் கொழும்பே தின்றுவிடும். டவுனில் குறைந்த சம்பளத்துக்கு வீட்டுச் சோற்றோடு வேலை செய்து, கையில் அதிகம் மிச்சம் பிடிக்கிற பிள்ளைகளையும் எனக்குத் தெரியும்.

கைக்கு வருவது எவ்வளவு என்றும் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (இபிஎப்) உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிப்பார்கள், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈடிஎப்) இன்னொரு 3 சதவீதமும் முதலாளியின் காசு. 40,000 ரூபா சம்பளம் என்றால் உங்களிடமிருந்து 3,200, அவர்களிடமிருந்து 4,800 உம் 1,200 உம். அந்த 3 சதவீதத்தையும் உங்கள் சம்பளத்தில் கழித்தால் அது பிழை.

வேலைக்குச் சேர முன் காசு கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

வேண்டாம். பயிற்சிக் கட்டணம், சீருடை முற்பணம், 'பைல் சார்ஜ்' என்று என்ன பெயர் வைத்தாலும் வேண்டாம். மூலச் சான்றிதழ்களையும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுப் பிரதியைக் கொடுங்கள்.

தகுதிகாண் காலம் முடியும்வரை சேமலாப நிதி இல்லை என்கிறார்களே?

பிழை. முதல் நாளிலிருந்தே உண்டு. தகுதிகாண் காலம், தற்காலிகம், ஒப்பந்தம் எதுவும் விதிவிலக்கில்லை. நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பதவி, சம்பளம், வேலை நேரம், தகுதிகாண் மாதங்கள், விலகுவதற்கான அறிவித்தல் காலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சம்பளத்தில் 8 சதவீதம் கழித்துவிட்டு நிதிக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. சில மாதம் கழித்துப் பக்கத்துத் தொழில் அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி விசாரியுங்கள்.

தீபாவளிக்கு லீவு கிடைக்குமா?

கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வேலை என்றால் தைப்பொங்கல் சம்பளத்தோடு விடுமுறை. தீபாவளி வங்கிக்கும் அரசாங்கத்துக்கும்தான், வர்த்தக விடுமுறைப் பட்டியலில் இல்லை. நம் பிள்ளைகள் முதல் வருடம் அடிபடுவது இங்கேதான். வருடத்துக்கு 14 நாள் என்கிற வருடாந்த லீவு, சேர்ந்த வருடத்தில் கிடையாது, அடுத்த வருடம்தான் தொடங்கும். முதல் வருடம் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் கெஷுவல் லீவு மட்டும். அதை உடம்புக்கு முடியவில்லை என்று அங்கங்கே எடுத்துத் தீர்க்காமல் சேர்த்து வையுங்கள். போகும் திகதியை ஒரு மாதம் முன்னரே எழுத்தில் கேளுங்கள். சொல்லாமல் போகிறவர்களால்தான் எனக்கு அந்தத் தீபாவளிக் கேள்வி வந்தது.

அரசாங்க வேலைக்கும் போட்டிருக்கிறேன். அது வரும்வரை காத்திருக்கவா?

காத்திருக்க வேண்டாம். விண்ணப்பம், பரீட்சை, நேர்முகம், நியமனம் என்று வருடங்கள் ஓடிவிடும். கிடைத்த தனியார் வேலையைச் செய்துகொண்டே அந்தப் பரீட்சையை எழுதுங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுத மறக்க வேண்டாம், பற்றுச்சீட்டைத் தொலைக்க வேண்டாம். முடிவுத் திகதியன்று உங்கள் வயது எவ்வளவு என்பதைத்தான் பார்ப்பார்கள்.

நேர்முகம் முடிந்து பத்து நாள். ஒரு சத்தமும் இல்லை.

அழைத்துக் கேளுங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு, பெயரையும் நேர்முகத் திகதியையும் சொல்லி ஒரு தடவை. அவர்கள் மாற்றாளைத் தேடும் நேரத்தில் உங்கள் அழைப்புப் போய் விழுந்து வேலை கிடைத்த கதைகள் இருக்கின்றன. அதற்காக ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டாம். அதற்குள் அடுத்த இடத்துக்கும் போட்டுவிடுங்கள்.

சேர்ந்து மூன்று மாதம், பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா?

விடலாம், ஓடிவிடாதீர்கள். நியமனக் கடிதத்தில் எவ்வளவு நாள் அறிவித்தல் என்று பார்த்து, விலகல் கடிதம் கொடுத்து, சேவைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வாருங்கள். மூன்று மாதம் என்றாலும் அடுத்த கோவையில் 'அனுபவம்' என்ற இடத்தில் எழுத அதுதான் இருக்கிறது. கடிதம் அடிக்க என் கடைக்கு வந்தால் ஒரு பக்கம்தான், பத்து நிமிடத்தில் தந்துவிடுவேன்.